அத்தானுக்குக் கொந்தராத்து, நான் சபை உறுப்பினர்: என்ன செய்வது?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். 2025 மே மாதத் தேர்தலில்தான் முதல் தடவையாக வந்தேன். அதற்கு முதல் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் வட்டாரத்தில் ஓர் உள்வீதிக்குக் கொங்கிறீட் போடச் சபையில் பணம் ஒதுக்குகிறார்கள். வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். சங்கத் தலைவர் என் அக்காவின் கணவர். "நீங்கள் ஒன்றும் பேசத் தேவையில்லை, அமர்வில் கையை மட்டும் உயர்த்துங்கள்" என்கிறார் தவிசாளர். வியாபார அனுமதிப்பத்திரம் எடுக்க நான் வழிகாட்டிய ஒரு பெண் பிறகு நண்டும் நாட்டுக்கோழியும் கொண்டு வந்தார். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சந்தைக் கடை ஒன்றைப் பகிரங்க அறிவித்தல் இல்லாமல் பழைய ஆளுக்கே திரும்பவும் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து சில உறுப்பினர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஊரோடு ஒத்துப் போ" என்கிறார் அம்மா. பதவியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

— ஓர் உறுப்பினர்

பதில்:

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதத்தில் நாலு விடயம் இருக்கிறது. ஆனால் உங்களை உறங்கவிடாமல் வைத்திருப்பது அத்தானின் வேலைதான் என்று நினைக்கிறேன். அதையே முதலில் எடுப்போம்.

நான் உள்ளூராட்சித் துறையில் செயலாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் மாவட்டத்தில் உறவில்லாத வட்டாரம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. வெருகலில் இருந்து புல்மோட்டை வரை, தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், சிங்கள ஊர் எதை எடுத்தாலும் இதே கதைதான். சங்கத் தலைவர் ஒருவருக்கு மாமா, ஒப்பந்தக்காரர் இன்னொருவருக்கு மச்சான், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூன்றாமவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆகவே உங்கள் அத்தான் சங்கத் தலைவராக இருப்பது உங்கள் குற்றமும் அல்ல, அவருடைய குற்றமும் அல்ல. சின்ன வேலைகளைக் கிராம மட்டச் சங்கங்களுக்குக் கொடுப்பது விதிமுறைக்கு உட்பட்டதுதான். அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுற்றும் என்பதால் நான் அதை ஆதரிப்பவன்.

அந்த உறவு சபைக்குத் தெரியாமல் இருந்து, நீங்கள் கையும் உயர்த்தினால்தான் அது பிழை. இதில் மனச்சுத்தம் மட்டும் போதாது. உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை அந்த வீதியால் நடக்கிற ஒருவரும் பார்க்க முடியாது. அவர்கள் பார்க்கக்கூடியது அமர்வில் நடந்ததைப் பதியும் கூட்டறிக்கையை மட்டும்தான். எனவே நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கூட்டறிக்கைக்குள் இருக்க வேண்டும்.

அமர்வுக்கு முன்னர் செயலாளருக்கும் தவிசாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். நீளமாக வேண்டாம். "இன்ன வீதி வேலை சம்பந்தமான தீர்மானத்தில், வேலையைப் பொறுப்பேற்க இருக்கும் சங்கத்தின் தலைவர் எனது சகோதரியின் கணவர் என்பதை அறியத்தருகிறேன். இவ்விடயம் பேசப்படும்போது நான் கலந்துரையாடலிலும் வாக்கெடுப்பிலும் பங்குகொள்ளமாட்டேன். இதனைக் கூட்டறிக்கையில் பதிவு செய்யவும்." இவ்வளவு போதும். பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த விடயம் வரும்போது எழுந்து, கடிதத்தில் உள்ளதை வாயாலும் சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வெளியே போய்விடுங்கள். உள்ளே உட்கார்ந்து பேசாமல் இருப்பதும் வெளியே போவதும் ஒன்றல்ல. நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, "இந்தச் சங்கம் போன தடவை வேலையைப் பாதியில் விட்டது" என்று சொல்ல வேண்டிய உறுப்பினர் வாயைத் திறக்கமாட்டார்.

இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. உள்ளூராட்சித் தேர்தல் சட்டப்படி, தான் இருக்கும் சபையோடு செய்த ஒப்பந்தத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பயன் பெறுபவருக்கு உறுப்பினராக இருக்கும் தகுதி இல்லை. இன்னொருவரின் பெயரில் பயன் பெற்றாலும் அது பொருந்தும். எனவே உங்களிடமே சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு உழவு இயந்திரம் மணலோ சல்லியோ ஏற்ற வாடகைக்குப் போகிறதா? அத்தானுக்கு நீங்களோ உங்கள் கணவரோ கைமாற்றாகக் கொடுத்த காசு இந்த வேலையில் ஓடுகிறதா? உங்கள் வீட்டார் யாராவது அந்தச் சங்கத்தில் பொருளாளரா? இவற்றில் ஒன்றுக்காவது "ஓம்" என்று பதில் வந்தால், வெளியே போய் நிற்பது போதாது. அந்தத் தொடர்பை அறுக்க வேண்டும். அதோடு ஒரு சட்டத்தரணியிடமும் கேட்க வேண்டும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு நலன் முரண்பாடு, அதாவது சொந்த நலனும் பதவிக் கடமையும் மோதுவது, தனிக் குற்றமாகவே ஆகிவிட்டது. "எல்லாரும் செய்வதுதானே" என்ற பதில் அங்கே எடுபடாது.

தவிசாளர் "கையை மட்டும் உயர்த்துங்கள்" என்று சொன்னதைக் கெட்ட எண்ணமாக மட்டும் எடுக்க வேண்டாம். 2018 பெப்ரவரித் தேர்தலில் வந்த சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அதன் பிறகு 2025 நடுப்பகுதி வரை மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இல்லாமலே சபைகள் நடந்தன. புதிதாக வந்த பலருக்கு அமர்வு என்றால் கை உயர்த்துவது என்றுதான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிழக்கு மாகாண சபையும் 2017 செப்டெம்பரோடு முடிந்து இன்னும் தேர்தலைக் காணவில்லை. மேலே கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாதபோது, கீழே உள்ள சபை தன்னைத் தானே ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இரண்டு மடங்கு.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு கல்வெட்டைச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921 ஆம் ஆண்டளவில் வெட்டியது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஆளைத் தெரிவு செய்யும் குடவோலை முறைக்காக எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்பவும் குடவோலைக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வர முடியாது. எந்தெந்த உறவு என்று கல்லிலேயே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். தாயின் சகோதரி பிள்ளைகள், மாமன், மாமனார், மனைவியின் சகோதரன் என்று போகிற அந்த வரிசையில் சகோதரியின் கணவனும் இருக்கிறான், உங்கள் அத்தான் முறை. அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமுள்ள பிராமணருக்கு மட்டும்தான் இடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்ன ஊரில் கணக்கும் உறவும் எப்படிப் பின்னிக் கிடக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மூடாமல் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, நீங்கள் வெளியே போய்விட்டீர்கள், தீர்மானம் நிறைவேறி வேலையும் தொடங்கிவிட்டது. அதோடு உங்கள் பொறுப்பு முடியவில்லை. அது உங்கள் வட்டாரத்து வீதி. வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒதுக்கிய தொகை, வீதியின் நீளம், அகலம், கொங்கிறீட்டின் தடிப்பு, தொடங்கும் திகதி, முடியும் திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் அத்தானின் வேலை என்பதால் இதை இரண்டு மடங்கு சத்தமாகக் கேளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு எடுக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, சனசமூக நிலையத்தில் இருந்து இரண்டு மூன்று பேர் நேரில் பார்க்கட்டும். நீங்கள் போக வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கள் பக்கத்து வீதிகள் எந்தப் பாடு படும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தடிப்பில் ஓர் அங்குலம் குறைத்தால் அது முதல் மாரியிலேயே தெரிந்துவிடும். அப்போது ஊர் உங்கள் அத்தானை மட்டும் பேசாது.

ஒரே வீதியை இரண்டு மூன்று துண்டாக உடைத்துத் தனித்தனி வேலையாகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் பெறுமதியும் கேள்விகோரல் (டெண்டர்) எல்லைக்குக் கீழே வரும்படி உடைப்பது பழைய வழி. கொள்முதல் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அப்படி இருந்தால் அதைச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கணக்காய்வாளரின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

அடுத்தது நண்டும் கோழியும். நீங்கள் வாங்காதது சரி. சபை உறுப்பினர் தன் கடமையைச் செய்ததற்குப் பிரதியாக எதையும் பெறுவது 1954 இலஞ்சச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். இப்போதைய சட்டத்திலும் அப்படித்தான். கொடுப்பவரும் அதில் மாட்டுவார். பொருளின் விலை சின்னது என்பதால் அது அன்பளிப்பாக மாறிவிடாது. ஆனால் அந்தப் பெண்ணின் கோபமும் நியாயமானது. எங்கள் ஊரில் வீட்டுக்குக் கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்பினால், கொண்டு வந்தவரையே திருப்பி அனுப்பியது போலத்தான். அந்த அம்மா கெட்ட நினைப்போடு வந்திருக்கமாட்டார். அரச அலுவலகத்தில் ஒருவர் தன்னை உட்கார வைத்துப் பேசியதே அவருக்குப் பெரிய விடயமாக இருந்திருக்கும்.

ஒருநாள் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போய், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு, விளக்கமாகச் சொல்லுங்கள். "அனுமதிப்பத்திரம் உங்கள் உரிமை அம்மா. நான் தந்தது இல்லை, சபை தர வேண்டியது. இதை நான் வாங்கினால் அடுத்ததாக வருகிற, கோழி வளர்க்காத பெண் என்ன செய்வாள்?" இந்தக் கடைசிக் கேள்வி ஆட்களுக்கு விளங்கும். முடியுமானால் இன்னும் ஒன்றையும் செய்யுங்கள். அனுமதிப்பத்திரத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சபை வாசலில் ஒட்டச் சொல்லி ஒரு பிரேரணை கொண்டு வாருங்கள். வழி தெரியாதபோதுதான் மக்கள் ஆளைத் தேடுகிறார்கள். ஆளைத் தேடினால் பிறகு எதையாவது கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு மனம் வராது. வாசலில் ஒட்டிய ஒரு தாள் நூறு பைகளைத் தடுக்கும்.

சந்தைக் கடை விடயத்தில் அவசரப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தது அறிவித்தல் காணவில்லை என்பது மட்டும்தான். அதற்குக் காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குத்தகைக் காலம் எப்போது முடிந்தது, எந்தத் தீர்மானத்தின்படி நீடித்தார்கள், புதிய வாடகை எப்படி மதிப்பிடப்பட்டது என்று உறுப்பினர் என்ற முறையில் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது, நீங்களும் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

இந்தச் சட்டத்தை உங்கள் ஆயுதமாக மட்டும் வைத்திருக்க வேண்டாம். சந்தையில் கடைக்காகக் காத்திருக்கும் ஒரு வியாபாரிக்கே விண்ணப்பத்தை எழுதப் பழக்கிவிடுங்கள். உறுப்பினர் கேட்டால் அரசியல் என்பார்கள். கடை கேட்டு நிற்பவர் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆவணம் கையில் வந்து, அதில் உண்மையாகவே முறைகேடு தெரிந்தால், திருகோணமலையில் உதவி உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார், அவருக்கு மேலே மாகாண உள்ளூராட்சி ஆணையாளர். சபைக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகம் பார்க்கிறது. இலஞ்சம் கைமாறியதாகத் தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1954. முறைப்பாட்டாளருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தெரிந்துகொண்டே பொய்யான முறைப்பாடு கொடுப்பதும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம். ஆவணம் இல்லாமல் முகநூலிலோ வட்ஸ்அப் குழுவிலோ ஒரு பெயரையும் போடாதீர்கள். நாளைக்கு நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அது சண்டையாகத்தான் கேட்கும்.

முகம் கொடுக்காத உறுப்பினர்களைப் பற்றி. அவர்களில் எல்லோரும் ஆதாயம் பெறுபவர்கள் என்று நான் நம்பமாட்டேன். பாதிப்பேர் பயந்தவர்கள், இன்னும் சிலர் கட்சித் தலைமை என்ன சொல்லுமோ என்று பார்த்திருப்பவர்கள். அவர்களை உங்கள் பக்கம் கொண்டுவரும் வழி, ஒருவரையும் குற்றம் சாட்டாத ஒரு பிரேரணை. பிரித்தானியாவில் 1995 இல் நோலன் பிரபு தலைமையிலான குழு பொது வாழ்வுக்கான ஏழு கோட்பாடுகளை வெளியிட்டது. தன்னலமின்மை, நேர்மை, பக்கச்சார்பின்மை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மை, தலைமைத்துவம். இந்த ஏழையும் எழுதிப் படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது சுலபம், அதை ஒருவரும் எதிர்க்கமாட்டார்கள். நான் உங்களுக்குச் சொல்வது அதற்குப் பின்னால் இங்கிலாந்தில் வந்த ஒரு வேலையை. அங்கே உள்ளூர்ச் சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் தொழில், காணி, ஒப்பந்தத் தொடர்பு எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். யாரும் அதைப் பார்க்கலாம். 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பண நலனை வேண்டுமென்றே மறைத்தால் அது குற்றம்.

எங்கள் நாட்டில் உறுப்பினர்கள் சொத்து, பொறுப்பு விபரத்தை ஆண்டுதோறும் ஜூன் 30 க்கு முன் கொடுக்க வேண்டும். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே செயலாளரிடம் கேளுங்கள். மற்றவர்களைக் கேள்வி கேட்பவர் இதில் ஒருநாள்கூடப் பிந்தக்கூடாது. ஆனால் அந்த விபரத்தில் அத்தான் வரமாட்டார். அதற்குத்தான் சபை தானாக ஒரு நலன் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறேன். ஒரு சாதாரணக் கொப்பி போதும். எந்தச் சங்கத்தில் இருக்கிறேன், என் வீட்டார் யார் ஒப்பந்தம் செய்கிறார்கள், யார் சபைக்குச் சொந்தமான கடையில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவ்வளவுதான். செயலாளரின் மேசையில் இருக்கட்டும், கேட்பவர் பார்க்கட்டும். பிரேரணையைக் கொண்டுவரும்போதே உங்கள் பக்கத்தை முதலில் நிரப்பிக் காட்டுங்கள். அத்தானின் பெயர் முதல் வரியில் இருக்கட்டும்.

தோற்கலாம். தோற்றாலும் உங்கள் பிரேரணை கூட்டறிக்கையில் இருக்கும், யார் எதிர்த்துக் கை உயர்த்தினார்கள் என்பதும் இருக்கும்.

அம்மாவின் சொல்லுக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் ஊர் என்பது சபை மண்டபத்தில் இருக்கும் ஆட்கள் மட்டுமல்ல. வீதி இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறவர்களும் ஊர்தான், கடை கிடைக்காமல் வெயிலில் சாக்கு விரித்து மரக்கறி விற்கிறவர்களும் ஊர்தான். நீங்கள் அவர்களோடு ஒத்துத்தான் போகிறீர்கள்.

பதவியை விட வேண்டாம். உறுப்பினர்களில் 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் வந்து முதல் தேர்தல் நடந்தது 2018 இல். அதற்கு முன் எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண் உறுப்பினரைக் காண்பதே அரிது. நீங்கள் விலகினால் அந்த இடத்துக்கு, கையை மட்டும் உயர்த்தும் ஒருவரைத் தேடி எடுப்பார்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பவோ திரும்ப அழைக்கவோ அடுத்த தேர்தலில் மக்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களுக்கு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தைச் செயலாளரிடம் கொடுப்பதற்கு முதல் நாள் அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அமர்வில் தன் பெயர் வாசிக்கப்பட்டதை அவர் வேறு ஆள் சொல்லிக் கேட்கக்கூடாது. "உங்களை நம்பாமல் இல்லை அத்தான், நாளைக்கு ஒருவரும் உங்களைக் குறை சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். கோபப்படுவார், சில நாள் பேசாமலும் இருப்பார். அக்காவுக்குத்தான் சங்கடம் கூட, அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். அத்தான் நல்லவர் என்றால், பெயர்ப்பலகையைத் தானே எழுதிக் கொண்டுவந்து நடுவார்.